அயலும் ஆயுளும் – டியெஸ் ரூ அம்மையாரின் ஆராய்ச்சிப் பணி பற்றிய ஒரு திறனாய்வு

திருவள்ளுவர் நோயைப் பற்றி இரண்டு இடங்களிற் பேசுகின்றார். மருந்து என்னும் அதிகாரத்தில் உண்பவனை நோக்கி, முன்னுண்டது அற்றபின் அளவறிந்து உண்ணுமாறு அறிவுறுத்துகின்றார். நாடு என்னும் அதிகாரத்திலோ பிணியின்மையை நாட்டுக்குரிய அணிகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றார். முன்னையதில் நோய் ஒருவனுடைய வாய்க்கும் வயிற்றுக்கும் உரியது. பின்னையதில் அது நிலத்துக்கும் அரசுக்கும் உரியது. இவ்விரு நோக்கும் எவ்விடத்திற் சந்திக்கின்றன என்பதே இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மேலைநாட்டுச் சுகாதார அறிஞரைப் பிணித்த பெருவினா. அவ்வினாவைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஆனா டியெஸ் ரூ அம்மையார். அவர் செய்து முடித்தது யாது, செய்யாது விட்டது யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

வினா புதியதன்று. 1820களில் வில்லர்மே என்னும் பிரெஞ்சு மருத்துவர் பாரிஸ் நகரின் 12 வட்டாரங்களிலும் நிகழ்ந்த மரணங்களைக் கணக்கிட்டு ஒப்பு நோக்கினார். ஆற்றுக்கு அண்மை, காற்றின் திசை, நிலத்தின் உயரம், குடிநெருக்கம் முதலியனவே மரணத்தைக் கூட்டும் என்பது அக்காலத்தார் கொள்கை. அவற்றுள் ஒன்றும் கணக்கோடு பொருந்தவில்லை. பொருந்தியது வட்டாரத்தின் செல்வநிலை ஒன்றே. பின்னர்க் கிருமிக் கொள்கை தோன்றி மருத்துவத்தை ஆட்கொண்டது. அதனால் மனிதகுலம் பெற்ற நன்மை அளவிடற்கரியது. ஆயினும் இடத்தைப் பற்றிய எண்ணம் மங்கிப்போயிற்று. 1948இல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் என்னும் சிற்றூரில் இருதயநோய் பற்றிய நெடுங்கால ஆராய்ச்சி தொடங்கியபின், குருதியமுக்கம், குருதியிலுள்ள கொழுப்பு, புகைபிடித்தல் என ஆளுக்குரிய ஏதுக்களே பட்டியலில் இடம்பெற்றன. நோயாளி எந்தத் தெருவில் வாழ்கின்றான் என்று கேட்பது அஞ்சற்காரன் கேட்கவேண்டிய கேள்வியாயிற்று.

அந்நிலை மெல்ல மாறத் தொடங்கியது 1980களில். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் வறுமைப் பகுதி என அரசாங்கம் வகுத்த பகுதியின் குடிகளும் ஏனைய பகுதியின் குடிகளும் 1965 முதல் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து நோக்கப்பட்டனர். ஆளுக்குரிய வருமானம், வழக்கங்கள் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் வறுமைப் பகுதியில் மரணம் மிகுந்திருந்ததென 1987இல் வெளியான கட்டுரை காட்டிற்று. 1993இல் சாலி மக்கின்ரையர் அம்மையாரும் அவருடைய உடனுழைப்பாளரும் கிளாஸ்கோ நகரின் இரு பகுதிகளை ஆராய்ந்து, ஆட்களை நோக்குவதா இடங்களை நோக்குவதா என்ற வினாவையே தம் கட்டுரைக்குத் தலைப்பாக இட்டனர். டியெஸ் ரூ அம்மையார் துறைக்குட் புகுந்தது இந்த வேளையிலாகும்.

அவர் புவெனஸ் அயர்ஸ் நகரில் குழந்தை மருத்துவராகப் பயின்றவர். பின்னர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் பொதுச் சுகாதாரம் கற்றார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும், அதன்பின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியப்பணி செய்தார். 2009இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் கழகத்துக்குத் தெரிவுசெய்யப்பட்டார். 2014இல் பிலடெல்பியாவிலுள்ள டிரெக்ஸல் பல்கலைக்கழகத்திற் பொதுச் சுகாதாரப் பீடத்தின் தலைமையை ஏற்றார். பதவிகளின் வரிசை இவ்வளவே போதும். குழந்தை மருத்துவத்திலிருந்து வந்தவர் என்பது மட்டும் நினைவிற் கொள்ளத்தக்கது. குழந்தை தான் பிறக்கும் வீதியைத் தெரிந்தெடுப்பதில்லை. தன் நோய்க்குத் தானே பொறுப்பு என்ற வாதம் குழந்தையிடம் செல்லாது.

அவருடைய எழுத்துக்களுள் அடித்தளம் என்று கூறத்தக்கது 1998இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரை. சூழ்நிலையைத் தொற்றுநோயியலுக்குள் மீண்டும் கொண்டுவருதல் என்பது அதன் பொருள். கட்டுரை முழுவதும் தருக்கமே. 1950இல் றொபின்சன் என்னும் அறிஞர், கூட்டத்திற் காணும் தொடர்பை ஆளுக்கு ஏற்றிக் கூறுதல் தவறு என நிறுவியிருந்தார். அதனைக் கேட்டு அஞ்சிய ஆராய்ச்சியாளர் கூட்டங்களையே கைவிட்டு ஆட்களை மட்டும் எண்ணத் தலைப்பட்டனர். அவ்வச்சம் ஒருபக்கச் சார்பானது என அம்மையார் எடுத்துக்காட்டுகின்றார். ஆட்களிடையே காணும் தொடர்பைக் கூட்டத்துக்கு ஏற்றுதலும் அவ்வாறே தவறு. கூட்டத்துக்குரிய ஏதுவைப் புறக்கணித்து ஆளுக்குரிய ஏதுவால் மட்டும் விளக்க முயல்வது மூன்றாவது தவறு. ஆளுக்குரியதைப் புறக்கணித்துக் கூட்டத்தால் மட்டும் விளக்க முயல்வது நான்காவது தவறு. ஏதுப்போலிகளை வகைப்படுத்திய நம் தருக்க நூலார் இக்கட்டுரையைப் படித்திருப்பின் உடன்பட்டுத் தலையசைத்திருப்பர். ஒரு போலிக்கு அஞ்சி மற்றொரு போலிக்குள் விழுந்திருந்த துறைக்கு, இரண்டினையும் ஒருங்கே நோக்கும் பன்மட்டப் பகுப்பாய்வு என்னும் வழியை இக்கட்டுரை தெளிவுறக் காட்டிற்று. 2002இல் அம்மையார் அப்பகுப்பாய்வுக்குரிய சொற்களைத் தொகுத்து விளக்கி ஒரு நிகண்டு போன்ற கட்டுரையும் எழுதினார். கலைச்சொற்கள் குழம்பிக் கிடக்கும் துறையில் ஆராய்ச்சி வளராது என்பதை உணர்ந்தோர் சிலர். அக்குழப்பத்தைத் தீர்க்க நேரம் ஒதுக்குவோர் அவரினும் சிலர்.

தருக்கத்தை அடுத்து வந்தது சான்று. 2001இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆராய்ச்சியே அம்மையாரின் பெயரை உலகறியச் செய்தது. அது வட கரோலினாவின் போர்சைத் கவுண்டி, மிசிசிப்பியின் ஜாக்சன் நகர், மினியாபொலிஸ் நகரின் புறநகர்கள், மேரிலாந்தின் வொஷிங்டன் கவுண்டி ஆகிய நான்கு இடங்களில் வாழ்ந்த 45 முதல் 64 வயது வரையினரைப் பற்றியது. ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழும் குடிசன மதிப்புப் பிரிவு ஒவ்வொன்றும் ஓர் அயலாகக் கொள்ளப்பட்டது. அவ்வயலின் குடும்ப வருமானம், வீடுகளின் பெறுமதி, வட்டி வாடகை முதலிய வருவாய் உடைய குடும்பங்களின் வீதம், உயர்தரப் பாடசாலைக் கல்வி முடித்தோர் வீதம், பல்கலைக்கழகக் கல்வி முடித்தோர் வீதம், நிருவாகத் தொழிலும் உயர்தொழிலும் செய்வோர் வீதம் என்னும் ஆறினையும் சேர்த்து ஒரு புள்ளி வழங்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 13,009 பேருள் 615 இருதயநோய் நிகழ்வுகள் பதிவாயின.

பெறுபேறு வருமாறு: ஒருவருடைய சொந்த வருமானம், கல்வி, தொழில் ஆகியவற்றைக் கணக்கிற் கழித்த பின்னரும், மிகத் தாழ்ந்த அயலில் வாழும் வெள்ளையருக்கு நோய் வரும் வாய்ப்பு மிக உயர்ந்த அயலில் வாழ்வோரிலும் 1.7 மடங்கு; கறுப்பினத்தவருக்கு 1.4 மடங்கு. தாழ்ந்த அயலில் வாழும் ஏழையை உயர்ந்த அயலில் வாழும் செல்வரோடு ஒப்பிட்டால் வெள்ளையருக்கு 3.1 மடங்கு, கறுப்பினத்தவருக்கு 2.5 மடங்கு. புகைத்தல், குருதியமுக்கம் முதலிய பழைய ஏதுக்களைக் கழித்தபோதும் தொடர்பு அழிந்துவிடவில்லை.

இவ்வெண்களைப் படிப்போர் அவசரப்படலாகாது. கறுப்பினத்தவருக்குக் கூறப்பட்ட 1.4 என்பதன் தவற்றெல்லை 0.9 முதல் 2.0 வரை பரந்துள்ளது. அதாவது, அவர்களைப் பொறுத்தவரை அயல் எவ்வித வேறுபாடும் செய்யவில்லை என்று கூறுவோனையும் இந்த எண் ஒன்றைக்கொண்டு மறுக்க இயலாது. அம்மையார் எல்லையை மறைக்கவில்லை. எடுத்தாண்டோர் பலரே அதனை மறந்தனர். வேறொரு சிக்கலும் உண்டு. ஜாக்சனில் ஆராயப்பட்டோர் அனைவரும் கறுப்பினத்தவர். மினியாபொலிஸ் புறநகரிலும் வொஷிங்டன் கவுண்டியிலும் ஆராயப்பட்டோர் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர். ஆகவே இரு இனத்தவரையும் தனித்தனியே வைத்துக் கணித்தமை தவிர்க்கவியலாத முறையாயிற்று. அம்முறையின் விளைவு யாது? வெள்ளையருக்குத் தாழ்ந்த அயல் என்பது வெள்ளையர் அயல்களுக்குள் தாழ்ந்தது. கறுப்பினத்தவருக்கு உயர்ந்த அயல் என்பது அவர்களுக்கு எட்டிய அயல்களுக்குள் உயர்ந்தது. ஒரே சொல் இரண்டு பொருளில் வழங்குகின்றது. 1.7, 1.4 என்ற இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து எவ்வினத்தவரை அயல் மிகுதியாகத் தாக்குகின்றது என்று கேட்போர், இரண்டு வேறு அளவுகோல்களால் அளந்த நீளங்களை ஒப்பிடுபவர் ஆவர்.

கழித்தல் என்ற செயலும் நுணுகி நோக்கத்தக்கது. ஒருவன் புகைப்பதற்கு அவனுடைய அயலும் ஒரு காரணமாயிருப்பின், புகைத்தலைக் கழிக்கும்போது அயலின் பங்கிலும் ஒரு கூறு சேர்ந்து கழிந்துவிடுகின்றது. அவ்வாறே, இளமையில் வாழ்ந்த குறிச்சியே ஒருவனுடைய கல்வியையும் அதன்வழி வருமானத்தையும் வகுத்திருப்பின், வருமானத்தைக் கழித்தல் இடத்தின் கணக்கைக் குறைத்து எழுதுவதாகும். மறுதலையாக, கணக்கில் வாராத செல்வம், பெற்றோர் நிலை முதலியன அயலின் பெயரால் உள்ளே நுழைதலும் கூடும். ஆகவே 1.7 என்பது கூடிய எண்ணோ குறைந்த எண்ணோ என்பதை அவ்வாராய்ச்சியின் உள்ளிருந்தே தீர்மானிக்க வழியில்லை. அன்றியும், ஐம்பது வயதில் ஒருவன் வாழும் தெரு அவனுடைய முந்திய வாழ்நாளின் தெருவாதல் ஒருதலையன்று. இக்குறை அம்மையாரின் கவனத்துக்குத் தப்பவில்லை. 2010இல் வெளியான மற்றொரு கட்டுரையில் அவரும் உடனுழைப்பாளரும் 20 ஆண்டுக் குடியிருப்பு வரலாற்றைத் திரட்டி, அயலின் வறுமை காலந்தோறும் மாறிய வழியை இரத்தக்குழாய்த் தடிப்போடு இணைத்து ஆராய்ந்தனர்.

2004இல் மைக்கல் ஓக்ஸ் என்பவர் எழுப்பிய கண்டனம் இத்துறை முழுவதையும் உலுக்கியது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்ற பழமொழியை அவர் அறிந்திருக்கமாட்டார். அவர் கூறியது அதனினும் கடுமையானது. காகம் வந்திருந்தமையாற் பழம் விழுந்ததா என்று அறிய, காகம் வாராத அதே மரத்தையும் காணவேண்டும். செல்வமும் இனமும் மக்களை இடவாரியாகப் பிரித்துவிட்ட சமுதாயத்தில், ஏழை அயலில் வாழும் ஒருவனைப் போன்ற ஒருவன் செல்வர் அயலில் இருப்பதில்லை. இல்லாதவனோடு ஒப்பிடுதல் எங்ஙனம்? பன்மட்டக் கணிதம் எத்துணை நுட்பமானதாயினும் இல்லாத ஆளைப் படைத்துத் தரமாட்டாது; ஆகவே அயலைப் பற்றிய எண்கள் பெரும்பாலும் கணிதச் சூத்திரத்தின் கற்பனையே; பரிசோதனை செய்து பார்த்தாலன்றி உண்மை வெளிப்படாது. இதுவே ஓக்ஸின் வாதம்.

அம்மையார் அதே சஞ்சிகையில் மறுமொழி எழுதினார். மறுமொழியின் சிறப்பு அதன் அடக்கம். ஓக்ஸ் சுட்டிய இடர்களை அவர் மறுக்கவில்லை. ஆயின் அவ்விடர்கள் அயலுக்கு மட்டும் உரியனவல்ல. சமுதாயத்தில் நிகழும் எதனையும் நோக்கால் ஆராய்வோர் அனைவருக்கும் பொதுவானவை. பரிசோதனை சிறந்ததுதான், பரிசோதனைக்கு அடங்காத வினாக்களைக் கேளாமல் விடுவதோ அறிவுடைமையாகாது. எதனைச் சோதிப்பது என்பதையும் முன்னர்ச் செய்த நோக்கே தெரிவிக்கவேண்டும். இப்பகுதி வலிமையானது. எனினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஓக்ஸ் கேட்டது, இந்த எண்ணை நம்பலாமா என்பது. அம்மையார் விடையளித்தது, இந்த வினாவைக் கேட்கலாமா என்பதற்கு. இரண்டும் ஒன்றல்ல. 2001ஆம் ஆண்டின் 1.7 என்ற எண் அவ்வாதத்துக்குப் பின்னர் எவ்வளவு நம்பத்தக்கதாய் நின்றது என்று அறிய விரும்பும் மாணவன் அம்மறுமொழியிலிருந்து வெறுங்கையோடு திரும்புவான்.

பரிசோதனையும் ஒன்று நடந்தே இருந்தது, அஃது அம்மையாருடையதன்று. 1994 முதல் 1998 வரை பல்ரிமோர், பொஸ்ரன், சிக்காகோ, லொஸ் ஏஞ்சலிஸ், நியூ யோர்க் ஆகிய ஐந்து நகரங்களின் அரசாங்க வீடுகளில் வாழ்ந்த வறிய குடும்பங்களிடையே சீட்டுக் குலுக்கி, சிலருக்கு வறுமை குறைந்த அயலுக்குக் குடிபெயர உதவிச்சீட்டு வழங்கப்பட்டது. சீட்டுப் பெற்றோருள் ஏறக்குறையப் பாதிப்பேரே பெயர்ந்தனர். பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் 4,498 பெண்களைப் பற்றிய பெறுபேறு 2011இல் வெளியாயிற்று. மிகைப்பட்ட உடற்பருமனும், நீரிழிவைக் காட்டும் குருதிச் சர்க்கரை மிகுதியும் சீட்டுப் பெற்றோரிடையே நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேர் அளவிற் குறைந்திருந்தன. நோக்கால் ஆராய்ந்தோர் கூறியது முற்றிலும் கற்பனையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அதுவரை கிடைத்ததில்லை. ஆயினும் அப்பரிசோதனை செய்தது மக்களைப் பெயர்த்தல். இடத்தை மாற்றுதல் அன்று. குடும்பத்தைப் பெயர்த்தபின் அந்தக் குறிச்சி அங்கேயே கிடக்கின்றது. அதில் வேறொரு குடும்பம் வந்து சேர்கின்றது. நோய்க்குக் காரணம் இடமே என்று நிறுவிவிட்டு, பரிகாரமாக ஆளை அகற்றுவது விந்தையான முடிபு.

இடத்தை மாற்றுவதாயின் இடத்திலுள்ள எதனை மாற்றுவது? 2001ஆம் ஆண்டின் ஆறு கூறுகளும் இவ்வினாவுக்கு விடைதர வல்லன அல்ல. வருமானமும் வீட்டின் பெறுமதியும் அயலில் வாழ்வோரின் தன்மைகளே; அயலின் தன்மைகள் அல்ல. நடக்க வழியுண்டா, காய்கறி வாங்கக் கடையுண்டா, இரவில் அச்சமின்றி வெளியே செல்லலாமா, அயலவர் ஒருவருக்கொருவர் உதவுவரா என்பனவே அயலின் தன்மைகள். அவற்றை அளக்கத் துணிந்ததே அம்மையாரின் பணியில் இரண்டாம் படி. அவருடைய வாழ்நாட் பணியின் உச்சமும் இதுவே எனலாம்.

2000ஆம் ஆண்டில் ஆறு இடங்களில் நான்கு இனத்தவரைச் சேர்த்து 6,814 பேரோடு தொடங்கிய இருதயநோய் ஆராய்ச்சி ஒன்றோடு அயல் பற்றிய பகுதியை அவர் இணைத்தார். இதில் ஒரு நுட்பம் கையாளப்பட்டது. நோயாளியையே அழைத்து உன் அயல் எத்தகையது என்று கேட்டால், மனம் சோர்ந்திருப்பவன் அயலையும் சோர்வாகவே காண்பான். அப்போது நோயே அளவுகோலைக் கெடுத்துவிடும். ஆதலால் நோய் ஆராய்ச்சியிற் சேராத, ஆனால் அதே அயல்களில் வாழும் வேறு மக்களைக் கேட்டு, அவர்கள் கூறியவற்றின் சராசரியை அயலின் அளவாகக் கொள்ளும் முறை கையாளப்பட்டது. மேரிலாந்து, நியூ யோர்க், வட கரோலினா ஆகிய மூன்று இடங்களிற் கேட்கப்பட்டோர் தொகை 5,988. ஊரைப் பற்றி ஊரவரையே கேட்பது எளிய செயலாகத் தோன்றலாம். ஆயினும் ஒரே தெருவின் மக்கள் எந்த அளவுக்கு ஒத்துக் கூறுகின்றனர், எத்தனை பேரைக் கேட்டால் விடை நிலைபெறும் என்பவற்றையெல்லாம் கணித்து, இடத்தை அளக்கும் கோலையே முதலிற் சோதித்தமை இத்துறைக்கு அவர் குழுவினர் அளித்த அரிய கொடை.

அக்கோலைக் கொண்டு அளந்தபோது கிடைத்தவற்றுள் ஒன்று 2009இல் வெளியான நீரிழிவு பற்றிய கட்டுரை. 2,285 பேருள் ஐந்து ஆண்டுகளில் 233 பேர் நீரிழிவுற்றனர். உடலுழைப்புக்கும் நல்லுணவுக்கும் வசதி மிகுந்த அயலில், வசதி குறைந்த அயலைவிட, நோய் 38 வீதம் குறைவு. 2015இல் 5,124 பேரை மேலும் நீண்டகாலம் தொடர்ந்து நோக்கியபோது 616 பேர் நீரிழிவுற்றனர்; உடலுழைப்பு வசதியின் தொடர்பு நிலைத்தது, உணவின் தொடர்பு மெலிந்தது, அயலவர் ஒற்றுமையின் தொடர்பு காணப்படவில்லை. இன்னொன்றும் வெளிப்பட்டது. மக்கள் வாயாற் கூறிய வசதிகள் நோயோடு தொடர்புற்றன. வரைபடத்திற் கடைகளையும் பூங்காக்களையும் எண்ணிப் பெற்ற அளவுகள் தொடர்புறவில்லை. கட்டுரை இதனைச் சில வரிகளிற் கடந்து செல்கின்றது. அதற்குரிய இடம் அதனினும் பெரிது. பூங்கா இருப்பது வேறு, பூங்காவுக்குப் போகலாம் என்று மக்கள் எண்ணுவது வேறு. வரைபடத்தில் உள்ள பூங்காவினுள் போதைப்பொருள் விற்போர் நின்றால் அது தாய்மாருக்குப் பூங்கா அன்று. நகரசபைகள் கடைகளையும் பூங்காக்களையும் எண்ணிப் பெருமைப்படும் வழக்கத்துக்கு அந்த ஆராய்ச்சியின் தரவுகளே கண்டனமாக அமைகின்றன. அக்கண்டனத்தை அதன் ஆசிரியர் ஒருவரும் வாய்விட்டுக் கூறவில்லை.

குருதியமுக்கம் பற்றி 2008இல் வெளியான கட்டுரை வேறொரு முடிச்சைக் காட்டுகின்றது. நடக்க வசதியும் நல்லுணவும் பாதுகாப்பும் ஒற்றுமையும் உள்ள அயல்களிற் குருதியமுக்க நோய் குறைவு. ஆனால் இனத்தைக் கழித்தவுடன் தொடர்பு பெரிதும் மெலிந்துவிடுகின்றது. இதற்கு இரண்டு விளக்கம் கூறலாம். இனமே உண்மைக் காரணம், அயல் வெறும் நிழல் என்பது ஒன்று. இனத்தின்படியே அயல் பங்கிடப்பட்டிருப்பதால் இரண்டையும் பிரித்தெடுக்க இயலாது என்பது மற்றொன்று. அமெரிக்க வரலாற்றை அறிந்தோர் இரண்டாவதையே ஏற்பர்.

அம்மையாரின் பணியிற் குறை என்று கூறத்தக்கதும் இவ்விடத்திலேதான் தோன்றுகின்றது. 1930களில் அமெரிக்க அரசாங்கத்தின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த குறிச்சிகளைச் சிவப்பு மையால் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தான இடங்கள் என வகுத்தது. ஓர் அயல் தாழ்ந்ததாவது மழை பெய்யாமையால் நிகழ்வதன்று. சட்டத்தாலும் கடனாலும் விற்பனை ஒப்பந்தத்தாலும் ஒருவர் செய்ய நிகழ்வது. 2001இலேயே டேவிட் வில்லியம்ஸ், சிக்கிட்டா கொலின்ஸ் இருவரும் இனவாரிக் குடியிருப்புப் பிரிவினையே அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நலக்குறைவுக்கு அடிப்படைக் காரணம் என வெளிப்படையாக எழுதினர். அதே ஆண்டில் வெளியான அம்மையாரின் புகழ்பெற்ற கட்டுரையில் அயல்கள் தாழ்ந்தும் உயர்ந்தும் இருக்கின்றன. அவற்றைத் தாழ்த்தியவர் எவரும் இல்லை. வாக்கியங்கள் யாவும் செயப்பாட்டு வினையில் நடக்கின்றன. வினைமுதலைத் தேடினும் கிடையாது. விஞ்ஞான நடையின் கட்டுப்பாடு அது என்று சமாதானம் கூறலாம். ஆயின் நலத்தில் நீதி என்ற கொள்கை, 1990களின் தொடக்கத்தில் மார்கரட் வைற்கெட் வகுத்தவாறு, தவிர்க்கத்தக்க வேறுபாட்டையே அநீதி என்கின்றது. தவிர்க்கத்தக்கது எனின் தவிர்க்காது விட்டவர் ஒருவர் உளர் என்பது சொல்லாமலே பெறப்படும்.

இக்குறை பின்னாளில் ஓரளவு நிரம்பிற்று என்பதையும் கூறாது விடுதல் நேர்மையன்று. 2017இல் அவரும் உடனுழைப்பாளரும் வெளியிட்ட கட்டுரை ஒன்று, கறுப்பினத்தவரை 25 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, இனப்பிரிவினை குறைந்த அயலுக்கு வாழ்க்கை மாறியபோது அவர்களுடைய குருதியமுக்கமும் தணிந்ததெனக் காட்டிற்று. ஒரே ஆளையே முன்னும் பின்னும் வைத்து ஒப்பிட்டமையால், இல்லாத ஆளோடு ஒப்பிடுகின்றீர் என்ற ஓக்ஸின் கண்டனத்துக்கும் இது பெரும்பகுதி விடையாயிற்று. 2004இல் வாதத்தால் அளிக்காத விடையை 13 ஆண்டுகளின் பின் செயலால் அளித்தார் எனலாம்.

இடையே அவர் கணினிக்குள் கற்பனை நகரங்களைப் படைத்து, அவற்றிற் கற்பனை மக்களை உலவவிட்டு, பிரிவினையும் உணவும் எவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று பார்க்கும் முறையிலும் ஈடுபட்டார். முயற்சி புதுமையானது. எனினும் அந்நகரங்களில் இட்டதே எடுக்கப்படுகின்றது. அளவுகோலை அத்துணைக் கவனத்தோடு சோதித்த ஒருவரிடமிருந்து இவை வந்தமை சற்று வியப்பளிக்கின்றது.

இடத்தையே மாற்றிப் பார்த்த பரிசோதனை அவர் பணிபுரிந்த பிலடெல்பியா நகரிலேயே, வேறு அறிஞரால் நடத்தப்பட்டது. அந்நகரின் 541 பாழ்நிலத் துண்டுகளுள் சீட்டுக் குலுக்கித் தெரிந்தவற்றிற் குப்பையை அகற்றிப் புல்லும் மரமும் நட்டு, மற்றவற்றை வாளா விட்டனர். 2018இல் வெளியான பெறுபேற்றின்படி, வறிய அயல்களில் துப்பாக்கி வன்செயல் 29 வீதம் குறைந்தது. அயலவரின் மனச்சோர்வும் குறைந்தது. ஒருவரையும் குடிபெயர்க்காமல், ஒருவருக்கும் அறிவுரை கூறாமல், இடத்தைத் திருத்தியதால் மட்டும் விளைந்த நன்மை இது. 1998இல் டியெஸ் ரூ அம்மையார் எழுப்பிய தருக்கத்துக்கு உரிய பரிசோதனை இதுவே எனினும், அவருடைய கட்டுரை வரிசையில் இதற்கு நிகரான ஒன்று இல்லை. அளப்பதில் அவருக்கிருந்த ஆற்றல் மாற்றுவதன் பக்கம் திரும்பியிருப்பின் பயன் பன்மடங்காகியிருக்கும்.

அவருடைய பிற்கால முயற்சி தாயகத்தை நோக்கியது. 2017இல், இலத்தீன் அமெரிக்காவின் 11 நாடுகளில், ஓரிலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் 371 நகரங்களை ஒருங்கே ஆராயும் பெருந்திட்டம் ஒன்று அவர் தலைமையில் தொடங்கிற்று. அமெரிக்காவில் வகுத்த கோலை வேறு மண்ணில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அதனாற் கிடைத்தது. 2019இல் அத்திட்டத்திலிருந்து வெளிவந்த கட்டுரை ஆறு பெருநகரங்களின் ஆயுளை உட்பகுதி வாரியாகக் கணித்தது. நகரின் பகுதிகளை ஆயுள் வரிசையில் வைத்து, மேலிருந்து பத்தில் ஒரு பங்கு தள்ளி நிற்பதற்கும் கீழிருந்து அவ்வாறு நிற்பதற்கும் உள்ள இடைவெளியே அளவு. பனாமா நகரில் ஆணுக்கு 15.0 ஆண்டு, பெண்ணுக்கு 14.7 ஆண்டு, சிலி நாட்டுச் சந்தியாகோவில் ஆணுக்கு 8.9, பெண்ணுக்கு 17.7, மெக்சிக்கோ நகரில் 10.9, 9.4. புவெனஸ் அயர்ஸில் 4.4, 5.8, கொஸ்தா ரிக்காவின் சான் ஹோசேயில் 3.9, 3.0 மாத்திரமே.

சந்தியாகோவின் ஒரு பகுதிப் பெண் அதே நகரின் மற்றொரு பகுதிப் பெண்ணைவிடப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக இறக்கின்றாள் என்பது எந்தக் கணிதமும் அறியாதவருக்கும் விளங்கும் செய்தி. ஆனால் சந்தியாகோவிற் பெண்ணின் இடைவெளி ஆணின் இடைவெளியைப் போல் இருமடங்காவது ஏன்? மெக்சிக்கோ நகரில் ஆணுடையது பெண்ணுடையதை விஞ்சுவது ஏன்? சான் ஹோசே மட்டும் இவ்வளவு நெருங்கி நிற்பது கொஸ்தா ரிக்காவின் பொது மருத்துவ ஏற்பாட்டினாலா, நகரின் பகுதிகளைப் பிரித்த எல்லைக்கோடுகள் பெரியனவாய் ஏழையையும் செல்வரையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்தமையாலா? கட்டுரை கல்வி நிலையோடு ஆயுளை இணைத்துக் காட்டி அமைகின்றது. எல்லைக்கோட்டை மாற்றினால் இடைவெளியும் மாறும் என்பதை இருபது ஆண்டுகள் அயலை அளந்தவர் நன்கறிவார். நான்கு போலிகளைப் பிரித்துக் காட்டிய 1998ஆம் ஆண்டின் கை, இந்த ஆறு நகரங்களின் மீது இன்னும் ஒருமுறை படவேண்டியிருக்கின்றது.